செம்புத் தோட்டாவும் பாதி ஈரலும்

"எதுக்கு வேணும்?"

"கலைமானுக்கு. எட்டு மில்லிமீட்டர் துப்பாக்கி."

"எத்தனை பெட்டி?"

"ஒண்ணு போதுங்க. அடுத்த வாரம் என் முறை வருது."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் யெர்னேயாவுக்கும் வின்கோவுக்கும் நடந்த முதல் பேச்சு இவ்வளவுதான். கணவன் ஸ்டானே இறந்து ஐந்தாவது வாரம் அது. அவன் வைத்துவிட்டுப் போன தோட்டாக்கடையைத் திறந்து, கல்லாவுக்குப் பின்னால் யெர்னேயா நின்ற மூன்றாவது நாள். எட்டு மில்லிமீட்டர் தோட்டாப் பெட்டிகள் மட்டும் அலமாரியில் ஏழு வகை இருந்தன. ஒரு பெட்டியின் மூடியில் கிளைகிளையாய்க் கொம்பு விரித்த கலைமான் ஒன்று கழுத்தை நீட்டி முழங்கிக்கொண்டிருந்தது. கலைமானுக்குக் கலைமான் படம் போட்ட பெட்டிதானே என்று அவள் அதையே எடுத்துக் கொடுத்தாள்.

உள்ளே இருந்தது சிறுமானுக்கான குண்டு. மெல்லிய உறை, பட்டதும் சிதறிவிடும். ஆட்டுக்குட்டி அளவு மானுக்கு அது சரி. இருநூறு கிலோ கலைமானின் தோள் எலும்பில் பட்டால் மேலாகப் புண்ணாக்கிவிட்டு நின்றுபோகும். மான் காட்டுக்குள் ஓடிப்போய் நாலு நாள் கிடந்து சாகும்.

அடுப்பருகே இரண்டு கிழட்டு வேட்டைக்காரர்கள் குளிர் காய்ந்தபடி புதுக் கடைக்காரியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வின்கோ பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பணம் கொடுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடை சாத்தும் நேரத்துக்கு, யாரும் இல்லாதபோது திரும்பி வந்தார்.

"நான்தான் தப்பா எடுத்துட்டேன் போலிருக்கு. மாத்திக்கலாமா?"

அவர் எங்கே எடுத்தார், அவளல்லவா எடுத்துக் கொடுத்தாள். அது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. சரியான பெட்டியைச் சுட்டிக்காட்டி வாங்கிக்கொண்டு, கதவருகே நின்று, "படம் வரையறவன் தோட்டா செய்யறதில்லை பாருங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அந்த அடுப்புக்காரர்கள் முன்னால் அவர் வாயைத் திறந்திருந்தால் மறுநாளே கடையைப் பூட்டிச் சாவியை வேறு யாரிடமாவது கொடுத்திருப்பாள். அதை யெர்னேயா ஒருநாளும் மறந்ததில்லை.

அடுத்த வாரமே வின்கோ கலைமானை அடித்தார். அவர்கள் இருந்த லோஷ்கி பொட்டோக் பக்கத்தில் இதயமும் ஈரலும் சுட்டவனுக்குச் சொந்தம். மற்ற இறைச்சி வேட்டைக் குடும்பத்துக்குப் போய்விடும். சங்கத்துக்கு அங்கே குடும்பம் என்றுதான் பெயர். அந்த ஈரலைச் சரிபாதியாக அறுத்து, ஒரு பாதியை வீட்டிலிருந்த அம்மாவுக்கும், மறு பாதியைக் காகிதத்தில் சுற்றி யெர்னேயாவின் கடைக்கும் கொண்டுவந்தார். தோட்டா கொடுத்தவங்க பங்கு என்றார். கூடவே மானின் தோலுக்கடியில் நின்றுபோன குண்டையும் கழுவித் துடைத்துக் கல்லாவின் மேல் வைத்தார். முன்புறம் காளான் மாதிரி விரிந்திருந்தது.

யெர்னேயா தொழில் கற்றது அப்படித்தான். எந்தக் குண்டு எத்தனை மீட்டரில் எந்த மிருகத்துக்குள் போய் எப்படி வெளியே வந்தது என்று துண்டுச் சீட்டில் எழுதி, குண்டோடு சேர்த்து ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு வைத்தாள். வின்கோவைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். இப்போது பதினோரு ஜாம் பாட்டில்கள் இருக்கின்றன. பன்றிக்கு எது, கரடிக்கு எது, கூட்டு வேட்டையில் ஓடுகிற மிருகத்துக்கு எது என்று நாலு பள்ளத்தாக்கு ஆட்கள் அவளிடம்தான் கேட்கிறார்கள்.

கொம்புக் கலைமானைச் சுடும் முறை ஒருவருக்கு ஒன்பது வருஷத்துக்கு ஒருதடவைதான் வரும்; மற்ற வருஷங்களில் பெண்மானோ பன்றியோ, பாதி ஈரல் மட்டும் வருஷா வருஷம் வந்தது. கடைக்கு மேலே மாடி வீட்டில் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, பன்றிக்கொழுப்பில் ஈரலைப் புரட்டி, கருங்கோதுமைக் களியோடு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். ஒவ்வொரு முறையும் தட்டு எடுக்கிற இடத்தில் கை இரண்டாவது தட்டின் மேல் ஒரு கணம் நிற்கும். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று அவரிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகப்போகிறது. ஆனால் அவர் அம்மா அங்கே வாணலியைக் காயவைத்துக்கொண்டு காத்திருப்பார், எப்படிச் சொல்வது. பிறகு அம்மா போய்விட்டார். துக்க வீட்டு மனிதரிடம் எப்படிச் சொல்வது. பிறகு போன வருஷம் ஈரலே வரவில்லை.

போன நவம்பரில் நடந்ததை அவள் மற்றவர்கள் வாயால்தான் கேட்டாள். வின்கோ சுட்ட பெண்மான் ஒன்று விழாமல் ஓடிவிட்டது. பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து மோப்ப நாயைக் கூட்டிவந்து ஒன்றரை நாள் தேடினார்கள். கிடைத்தபோது இறைச்சி கெட்டிருந்தது. நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அதற்குப் பிறகு வின்கோ கடைப் பக்கமே வரவில்லை. யெர்னேயா வாங்கி வைத்த வெங்காயம் கூடையிலேயே முளைவிட்டது.

இப்போது செப்டம்பர். கலைமான்கள் முழங்கத் தொடங்கியிருந்தன. ஒன்பது வருஷம் சுற்றி வின்கோவின் முறை மறுபடி வந்திருந்தது. பத்து மாசம் கழித்துக் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே சங்கத் தலைவர் ஃபெர்டோ, தொப்பை முன்னால் வர அவர் பின்னால் வந்தார்.

"ஒன்பது புள்ளி மூணு மில்லிமீட்டர். பதினெட்டரை கிராம் குண்டு. இருக்குங்களா?" என்றார் வின்கோ. நலம்கூட விசாரிக்கவில்லை.

"உங்க துப்பாக்கி எட்டு மில்லிமீட்டர் ஆச்சே."

"என் துப்பாக்கியைக் கொடுக்கறேன் யெர்னேயா," என்றார் ஃபெர்டோ. "இவனோட கொசுத் துப்பாக்கி போதும். என்னோடதால ஒரு போடு போட்டா கரடியே உக்காந்து யோசிக்கும்."

"கரடி யோசிக்கட்டும். இவரு தோள் என்ன செய்யும்?"

வின்கோ தரையைப் பார்த்தார். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் மர அறுவை ஆலையில் உருண்ட தடி ஒன்று அவர் வலது தோளை நசுக்கியிருந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்திருந்தார்கள்.

"தோளுக்கு ஒண்ணுமில்லீங்க."

"அதான் இடது கையால கதவைத் தள்ளிக்கிட்டு வந்தீங்களா?"

ஃபெர்டோ சிரித்துவிட்டார். "மாட்டினான் பாரு. ஏம்மா, இவன் போன மாசம் சுட்ட பரீட்சைத் தாளைப் பாத்தியா? அஞ்சு ஓட்டை, அஞ்சு ஊர்ல இருக்கு." சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்தார். ஓட்டைகள் எல்லாம் நடுவட்டத்துக்குக் கீழே சிதறிக் கிடந்தன.

"தாத்தா, கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் வின்கோ. ஃபெர்டோவுக்குத் தாத்தா என்றால் கோபம் வரும். அதனால்தான் அப்படிக் கூப்பிட்டார். ஆனால் குரலில் விளையாட்டு இல்லை. யெர்னேயாவின் பக்கம் திரும்பினார். "இதுதாங்க கடைசி. இந்த மானையும் காயப்படுத்தி ஓடவிட்டா துப்பாக்கியைக் கொடுத்துட்டு வேட்டைக் குடும்பத்துலேர்ந்து விலகிடறேன். அதான் பெரிய குண்டாக் கேக்கறேன். எங்க பட்டாலும் விழணும்."

எங்கே பட்டாலும் விழுகிற குண்டு எந்தத் தொழிற்சாலையிலும் செய்வதில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு கேட்டாள்.

"அந்தப் பெண்மானுக்குள்ள குண்டு கிடைச்சுதா?"

வின்கோ உள்பையில் கைவிட்டு எடுத்துக் கல்லாவின் மேல் வைத்தார். பத்து மாசமாக உடம்போடு வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார், ஓரங்கள் வழவழப்பாகியிருந்தன.

யெர்னேயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைச் சின்னத் தராசில் வைத்தாள். ஜாம் பாட்டிலிலிருந்து இன்னும் மூன்று குண்டுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மூன்றும் அவர் நல்ல வருஷங்களில் கொண்டுவந்தவை. நாலுக்கும் வித்தியாசமே இல்லை. ஒரே அளவு விரிவு, கிட்டத்தட்ட ஒரே எடை.

"பாருங்க. குண்டு அது வேலையை ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு. எங்க பட்டிருந்தது?"

"வயித்துல. கீழ."

"தாள்லயும் கீழதான் இருக்கு. இன்னும் பெரிய குண்டு போட்டா துப்பாக்கி தோளை இன்னும் பெருசா உதைக்கும். உதைக்கும்னு உங்க தோளுக்கு முன்னாடியே தெரியும். அது பயந்து குழலைக் கீழ இழுக்கும். பதினெட்டரை கிராமும் வயித்துலதான் போய் விழும்."

"நான் பயப்படலீங்க."

"உங்களைச் சொல்லலை. தோளைச் சொன்னேன்."

யெர்னேயா பின் அலமாரியிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தாள். மூடியில் எந்தப் படமும் இல்லை.

"உங்க எட்டு மில்லிமீட்டருக்கே. முழுக்கச் செம்பு, ஈயமே கிடையாது. பத்தரை கிராம். நீங்க இதுவரைக்கும் போட்டது பன்னெண்டே முக்கால் கிராம். எடை குறைஞ்சா உதையும் குறையும்."

"பத்தரையா?" என்றார் ஃபெர்டோ. "கலைமானுக்கா? கிச்சுகிச்சு மூட்டவா அனுப்பறே?"

"ஈயக் குண்டுல பத்தரைன்னா நானே தரமாட்டேன் ஃபெர்டோ. பாதி வழியில எடையெல்லாம் உதிர்ந்துடும். செம்பு உதிராது. பூ மாதிரி நாலா விரிஞ்சு, முழு எடையோட மறுபக்கம் போயிடும். எட்டாவது பாட்டிலைப் பாருங்க, ஆறு சீட்டு இருக்கு. ஆனா வேகமாப் போனாத்தான் விரியும். நூத்தைம்பது மீட்டருக்கு மேல சுடக்கூடாது."

"என் பரண்லேர்ந்து புல்வெளி தொண்ணூறு மீட்டர்தான்," என்றார் வின்கோ மெதுவாக.

"அப்ப சரி. குழல்ல இருக்கற பழைய கசடையெல்லாம் சுத்தமாத் துடைங்க. தோட்டா மாறினா குண்டு போய்ப் படற இடமும் மாறும், புதுசாக் குறி பார்த்துச் சரிபண்ணணும். சனிக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திட்டு நானும் வரேன்."

ஒன்பது வருஷத்தில் அவள் எந்த வாடிக்கையாளரோடும் சுடுகளத்துக்குப் போனதில்லை. ஃபெர்டோ அதைக் கவனித்தார். அவர் சொல்ல வந்ததை யெர்னேயாவின் பார்வை தடுத்து நிறுத்தியது.

சுடுகளம் பழைய கல்குவாரிக்குள் இருந்தது. சனிக்கிழமை வெயில் அடித்தது. வின்கோ மேஜைமேல் மணல்பையில் துப்பாக்கியைச் சாய்த்து உட்கார்ந்தார். ஃபெர்டோ தொலைநோக்கியோடு பக்கத்தில் நின்றார். யெர்னேயா வின்கோவின் தோள்பக்கம் நின்று, தோட்டாக்களைத் தானே ஒவ்வொன்றாகப் போட்டுக் கொடுத்தாள். முதலில் பழைய கனமான தோட்டா இரண்டு. இரண்டும் கீழே போயின. மூன்றாவதைப் போட்டுக் கொடுத்தாள்.

வின்கோ மூச்சைப் பிடித்தார். விசையை இழுத்தார்.

வெடிக்கவில்லை. டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் வெடிக்காத துப்பாக்கியின் குழல் நாலு விரல்கடை கீழே குத்திக்கொண்டது. வின்கோவின் கண்கள் இறுக மூடியிருந்தன. மற்ற இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். கண்ணைத் திறந்ததும் வின்கோவும் தாழ்ந்து நின்ற குழலைப் பார்த்தார்.

மூன்றாவது தோட்டா வெறும் கூடு. பழகுவதற்கென்று மருந்தில்லாமல் செய்தது. யெர்னேயா அதை உள்ளங்கையில் மறைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

குவாரியில் காக்கை ஒன்று கத்திவிட்டு ஓய்ந்தது. ஃபெர்டோ பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டார். அன்று இரண்டு பேர் முன்னால் தன் மானத்தைக் காப்பாற்றிய மனிதரை இன்று ஃபெர்டோ முன்னால் வைத்து இப்படிச் செய்துவிட்டோமே என்று யெர்னேயாவுக்கு இருந்தது.

"ரெண்டு வருஷமா இப்படியா இருக்கேன்?" என்றார் வின்கோ. கேள்வி யாருக்கு என்று தெரியவில்லை.

"எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனப்புறம் நானும் ஒரு வருஷம் இப்படித்தான் கண்ணை மூடினேன்," என்றார் ஃபெர்டோ குனிந்தபடியே. "ரெண்டு பன்றி என் புண்ணியத்துல உசிரோட திரியுது. யார்கிட்டயும் சொன்னதில்லை. நீங்களும் சொல்லாதீங்க."

வின்கோ அவரைத் திரும்பிப் பார்த்தார். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு யெர்னேயாவிடம் கையை நீட்டினார்.

"கொடுங்க உங்க செம்பை."

குழலைத் துடைத்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை மணிநேரம் நடந்தது பொறுமையான வேலை. ஒரு செம்புத் தோட்டா, ஒரு வெறும் கூடு, இரண்டு வெறும் கூடு, ஒரு செம்புத் தோட்டா. எது வரும் என்று அவருக்குத் தெரியாது. வெறும் கூட்டில் குழல் ஆடாமல் நிற்கும்வரை அவள் விடவில்லை. உதை குறைவு என்பதைத் தோளும் கொஞ்சம் கொஞ்சமாக நம்பியது. ஃபெர்டோ துப்பாக்கி மேலிருந்த குறிக்கண்ணாடியின் திருகைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தார். கடைசி மூன்று செம்புக் குண்டுகள் நடுவட்டத்துக்கு நாலு சென்டிமீட்டர் மேலே, ஒரு காப்பிக் கோப்பையால் மூடிவிடுகிற அளவுக்குள் விழுந்தன. குண்டு தூரம் போகப் போகத் தாழும் என்பதால் நூறு மீட்டரில் அவ்வளவு உயரம்தான் வேண்டும்.

ஃபெர்டோ அந்தத் தாளைக் கிழித்து மடித்து, பழைய தாள் இருந்த பையிலேயே வைத்துக்கொண்டார். பழையதை அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை யெர்னேயா கடைக்கு வெளியே மர நாற்காலியைப் போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது. காட்டில் ஒரு கலைமான் முழங்கியது. தூரத்தில் இன்னொன்று பதில் கொடுத்தது. மூடுபனி மெல்ல மேலே ஏறியது.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சத்தம். மலை அதை வாங்கி இரண்டு தடவை உருட்டித் திருப்பிக் கொடுத்தது.

அவள் எழுந்து நின்றாள். இரண்டாவது வெடி வந்தால் முதலாவது சரியாகப் படவில்லை என்று அர்த்தம். மாதா கோவில் மணி ஏழு அடித்தது. பால் வண்டி போனது. இரண்டாவது வெடி வரவில்லை. ஆனால் பெண்மானை விட்ட அன்றும் ஒரு வெடிதான் கேட்டது என்று சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்குக் கடையைத் திறந்தாள். யாரோ கையுறை கேட்டார்கள். எதையோ எடுத்துக் கொடுத்தாள். ஒன்பது அடித்தது. வாடிக்கையாளர் போனதும் மாடிக்குப் போய் இரண்டு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். ஒன்றை உரித்துவிட்டு, இன்னொன்றை உரிக்கத் துணிச்சலில்லாமல் அப்படியே வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

பத்தேகால் ஆனபோது கடைக்கு வெளியே வின்கோவின் பழைய வண்டி வந்து நின்றது.

அவர் வலது கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தொப்பியின் வலப்பக்கம் ஊசியிலைக் கொப்பு ஒன்று செருகியிருந்தது. நுனியில் ரத்தம் காய்ந்திருந்தது. மான் விழுந்துவிட்டது என்று யெர்னேயா தெரிந்துகொண்டாள். அந்தப் பக்கத்து வழக்கப்படி, விழுந்த மானின் வாயில் கடைசிக் கவளமாக ஒரு கொப்பை வைத்து, இன்னொன்றை அதன் ரத்தத்தில் தொட்டு, கூட நிற்பவர் சுட்டவனுக்குக் கொடுப்பார். ஃபெர்டோ கொடுத்திருக்கிறார்.

"எண்பத்தஞ்சு மீட்டர்," என்றார் வின்கோ. "முப்பது அடி நடந்துச்சு. அப்படியே உக்காந்துடுச்சு. குண்டு மறுபக்கம் போயிடுச்சுங்க, கொண்டுவர முடியலை. பாட்டிலுக்குச் சீட்டு மட்டும் எழுதிக்கங்க."

"கண்ணு?"

"திறந்திருந்துச்சு. அது விழறதை நான் பாத்தேன்." அவர் தொப்பியிலிருந்த கொப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "தொப்பியைக் கழட்டி நன்றி சொல்லி அதுகிட்ட கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் உங்களை நெனச்சேன்."

அவர் தொப்பியைக் கழற்றிக் கல்லாவின் மேல் வைத்தார். கொப்பை எடுத்து, விரலால் அளந்து, பாதியாக ஒடித்தார். ஒரு பாதியை அவள் பக்கம் நீட்டினார்.

அவள் வாங்கத் தயங்கினாள். அந்தக் காட்டில் கொப்பை ஒடித்துப் பங்கு கொடுப்பது ஒருவருக்குத்தான்: காயம்பட்ட மானைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்கிற மோப்ப நாய்க்காரருக்கு. கடைக்காரிக்குக் கொடுத்து யாரும் கேள்விப்பட்டதில்லை.

"இது தேடிக் கண்டுபிடிக்கறவங்களுக்கு," என்றாள்.

"தெரியுங்க. ஃபெர்டோகிட்ட கேட்டேன். 'அவதானேடா உன்னைத் தேடிக் கண்டுபிடிச்சவ, அவளுக்குக் கொடுக்காம நாய்க்கா கொடுப்பே'ன்னாரு."

யெர்னேயா வாங்கிக்கொண்டாள். ஊசியிலையின் பிசின் விரலில் ஒட்டியது. எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்வெட்டரின் பொத்தான் துளையில் செருகிக்கொண்டாள். ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் காத்த மானத்துக்கு இன்றுதான் ஏதோ பதில் செய்திருக்கிறோம் என்று நினைத்தாள். ஆனால் அவர் முகத்தில் இருந்த நன்றியைப் பார்த்தால், கடன்பட்டவர் அவர்தான் என்று தோன்றியது. அப்படி இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருப்பது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அவர் காகிதப் பொட்டலத்தைக் கல்லாவின் மேல் வைத்தார். "உங்க பாதி. செம்புக் குண்டு இறைச்சியைக் கெடுக்கவே இல்லை. சுத்தமா இருக்கு."

"உங்க பாதி எங்க?"

"வண்டில இருக்கு." தொப்பியை எடுத்துக்கொண்டார். "அம்மா மாதிரி வறுக்க வரலை. ஒவ்வொரு தடவையும் தோல்செருப்பு மாதிரி ஆயிடுது. பரவாயில்லை, தின்னுடுவேன். வரட்டுங்களா?"

அவர் கதவுவரை போய்விட்டார். ஒன்பது வருஷமும் இந்தக் கட்டத்தில்தான் அவர் பின்னால் அந்தக் கதவு மூடியிருக்கிறது. யெர்னேயா கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். பட்டப்பகலில், செவ்வாய்க்கிழமையில், 'கடை மூடப்பட்டுள்ளது' என்ற அட்டையை எடுத்துக் கண்ணாடியில் மாட்டினாள்.

"வின்கோ, வண்டில இருக்கறதையும் எடுத்துட்டு வாங்க. ரெண்டு பாதியையும் ஒரே வாணலியில போடலாம். ஒன்பது வருஷமாக் கேக்கணும்னு இருக்கேன். மாடிக்கு வாங்க, என்கூட உக்காந்து சாப்பிடுங்க."